சொல்லில் தெரியும் ஆட்டம்

காணொளி விளையாட்டை ஒருவர் ஆட, அதைப் பல்லாயிரம் பேர் அமர்ந்து பார்ப்பதா? வீட்டுப் பெரியவர்கள் பலர் சலிப்போடு கேட்கும் கேள்வி இது. 2022ஆம் ஆண்டின் இறுதியில் இந்திய அரசு மின்விளையாட்டை ஏற்றது. 2023இல் சீனாவின் ஹாங்சோ நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் அதன் ஏழு பிரிவுகளுக்குப் பதக்கங்கள் வழங்கப்பட்டன. ஆனால், அரசு ஏற்பதால் மட்டும் பார்வையாளர்க்குச் சுவை பிறந்துவிடாது. ஆட்டத்தை அறியாதவரையும் அமர்ந்து பார்க்கச் செய்வது நல்ல வருணனையே என்பது என் துணிபு.

வடசென்னையின் கேரம் ஆட்டத்தை எண்ணிப் பாருங்கள். 2024இல் அமெரிக்காவில் நடைபெற்ற உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா, புது வண்ணாரப்பேட்டையைச் சேர்ந்தவர். கேரமில் ஒரே பலகை, பத்தொன்பது காய்கள். அனைத்தும் கண்முன் உள்ளன. அப்படியிருந்தும் சுற்றி நிற்பவர்கள், ‘சிவப்பை இப்போது தொடமாட்டான், பார்’ என்று முணுமுணுப்பார்கள். அதுவும் வருணனைதான்.

பப்ஜி போன்ற ஆட்டத்தில் களம் கண்முன் இல்லை. அதன் புகழ்பெற்ற எராங்கல் தீவு எட்டுக் கிலோமீட்டர் நீளமும் அதே அளவு அகலமும் உடையது. போட்டிகளில் பொதுவாக அணிக்கு நால்வராகப் பதினாறு அணிகள், அறுபத்து நான்கு பேர் அதில் சிதறிக் கிடப்பர். பின்தொடர ஒரு பந்துகூடக் கிடையாது. திரையோ ஒரு நேரத்தில் ஒருவரின் பார்வையையே பெரும்பாலும் காட்டும். குண்டு வேறெங்கோ வெடிக்கும். மணலி புதுநகரில் ஒரே கைபேசியைச் சுற்றி நான்கைந்து தலைகள் கூடியிருக்கும்போது, ஆட்டம் அறிந்தவன் ஒருவன் மற்றவர்க்கு விளக்கிக்கொண்டே இருப்பது இதனால்தான்.

‘மலைக்குப் பின்னால் நால்வர் இருக்கின்றனர், பாதுகாப்பு வட்டம் நீருக்கு அப்பால் சுருங்குகிறது, கடப்பதற்கு ஒரே பாலம், அதன் மறுமுனையில் எதிரணி காத்திருக்கிறது.’ வருணனையாளர் இவ்வளவு சொன்னால் போதும். துப்பாக்கி வெடிக்கும் முன்பே நம் நெஞ்சு படபடக்கத் தொடங்கிவிடும். (கொசஸ்தலை ஆற்று வெள்ளத்தில் எந்தச் சாலை திறந்திருக்கிறது என்று விசாரித்துப் பழகிய மணலி புதுநகர் மாணவர்க்கு ஒற்றைப் பாலத்தின் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை.) வெடித்த பின், ‘அடித்தான்! தூக்கினான்!’ என்று கூவுவதைக் கண்ணே செய்துவிடும். அதற்கு ஒரு வருணனையாளர் எதற்கு?

சென்னை வானொலியில் அப்துல் ஜப்பார், இராமமூர்த்தி போன்றோர் தமிழில் கிரிக்கெட்டை வருணித்த காலத்தில் கேட்பவர்க்குக் காட்சியே இல்லை. பந்து எங்கே செல்கிறது, தடுப்பாளர் எங்கே நிற்கிறார் என்பவற்றைச் சொற்களே வரைந்தன. இன்றோ காட்சி மிகுந்து திகைக்க வைக்கிறது. இரண்டு நிலையிலும் தேவைப்படுவது சொல்லால் வரைந்த வரைபடமே.

பெரிய போட்டிகளில் இருவர் இணைந்து பேசுவது வழக்கம். ஒருவர் நிகழ்வதை விரைந்து சொல்ல, மற்றவர் அதன் காரணத்தை நிதானமாக எடுத்துரைப்பார். இரண்டாமவரே எனக்கு உயர்ந்தவராகத் தோன்றுகிறார். தோற்று வெளியேறிய அணி எந்த இடத்தில் தவறான வழியைத் தேர்ந்தது என்பதை ஏளனமின்றி அவர் விளக்கும்போது, ஆட்டம் அறிவுக்கும் விருந்தாகிறது. தக்க இடத்தில் இருவருமே மௌனம் காப்பதும் வருணனையின் ஒரு பகுதிதான்; இக்கலை பலருக்கு இன்னும் கைவரவில்லை.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். துப்பாக்கிகளின் பெயர்களையெல்லாம் மொழிபெயர்த்தாக வேண்டும் என்று நான் வாதிடமாட்டேன். அவை இருந்தபடியே வரட்டும். ஆனால், பதுங்குகிறான், ஊர்கிறான், வளைக்கிறான், வழி மறிக்கிறான் என்று சொல்ல நமக்கு வினைகள் இருக்கும்போது, எல்லாவற்றுக்கும் ஒரே ஆங்கிலச் சொல்லோடு ‘பண்றான்’ என்பதை ஒட்டவைப்பது சோம்பல். ஒரு போட்டியின் இறுதி ஐந்து நிமிடங்களை ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்து, நீங்களே தமிழில் வருணித்துப் பாருங்கள். அருகில் இருப்பவர் அந்த ஆட்டத்தை ஒருமுறைகூட ஆடாதவராக இருக்கட்டும்.