முதுகு வலியும் முதலாளி நஷ்டமும்

ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தவரும் நிலைப்பதில்லை என்பது இராஜபாளையத்து நூல் ஆலை முதலாளிமார் நம்மிடம் வாய் ஓயாமல் கூறும் குறை. ஆலைக்குள் அவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு.

ரிங் பிரேமைக் கவனிக்கும் பெண் ஷிப்டு முழுதும் நடந்தபடியே இருக்கிறாள். இழை அறுந்த இடந்தோறும் குனிந்து ஒட்டுகிறாள். கால் கடுத்தவள் அறுந்த இழையிடம் தாமதித்தே வருவாள். அதுவரை கதிர் வீணே சுழலும். நூலாக வேண்டிய பஞ்சு கழிவாகப் போகும். கூலிப் புத்தகத்தில் இந்த நஷ்டம் ஏறுவதில்லை. யந்திரத்துக்கு எண்ணெய்விட மறவாத கனவான்கள், வரிசைக் கோடியில் ஓர் ஆசனம் போடவும் பாபின் வண்டியை இடுப்பளவுக்கு உயர்த்தவும் யோசிப்பானேன்?

நின்று உழைப்போர்க்கு ஆசனம் வேண்டுமென்று 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டமே 44-ஆம் பிரிவில் விதித்தது. கடைச் சிப்பந்திகளுக்கு அவ்வுரிமையை நமது சட்டசபை அளித்தது 2021-இல்தான். இன்ஸ்பெக்டருக்காக மட்டும் போடப்பட்ட நாற்காலிகளையும் நாம் கண்டதுண்டு!

ஸ்ரீவில்லிபுத்தூரில், 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவும் அனலருகே நின்று கிளறுவோரின் தோள்வலியால் திரள்வதே. கை சோர்ந்தால் பால் அடிப்பிடிக்கும். கடாய் முழுதும் பாழ். துடுப்பின் காம்பை நீட்டுவதற்கும், அடிக்கடி ஆள் மாற்றுவதற்கும் பெருஞ்செலவு ஆகாது.

ஆலைக்காரர்கள் ஒரே ஒரு பகுதியில் மூன்று மாதம் இம்முறையைக் கையாண்டு, கழிவுப் பஞ்சின் எடையையும் வேலைக்கு வராதோர் தொகையையும் பழைய பதிவோடு ஒப்பிட்டு வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.