திண்ணை இருக்கிறது, தெரு எங்கே?

ஞாயிற்றுக்கிழமையானால் 'பாரம்பரிய கிராமம்' பார்க்கக் கிளம்புவது நகரத்து நடுத்தர வர்க்கத்துக்குப் பழக்கமாகிவிட்டது. ஏதோ ஒரு குடும்பம் தாத்தா காலத்துப் பண்ணை வீட்டுக்கு வெள்ளையடித்து, முற்றத்தில் கோலம் போட்டு, டிக்கெட் வைத்துத் திறந்திருக்கும். மாட்டுவண்டியில் ஒரு சுற்று, பல்லாங்குழி, மண்பானைத் தண்ணீர், வாழையிலைச் சாப்பாடு. ஆட்டுக்கல்லை நாலு சுற்றுச் சுற்றி ஒரு போட்டோ. "அந்தக் காலம் மாதிரி வருமா!" என்று கொஞ்சம் கொசுவத்தி. சாயங்காலம் ஏசி காரில் வீடு திரும்பல்.

இதில் என்ன தப்பு? பொழுதுபோக்கு என்றால் ஒரு தப்பும் இல்லை. ஆனால் வாசலில் பொழுதுபோக்கு என்றா போர்டு வைக்கிறார்கள்? 'நம் முன்னோர் வாழ்ந்த வாழ்க்கை' என்றல்லவா சொல்கிறார்கள்! பள்ளிக்கூடங்கள் பஸ் பிடித்துப் பிள்ளைகளை அழைத்து வருவதும் அதை நம்பித்தான். முன்னோர் என்று சொல்லிவிட்டால், யாருடைய முன்னோர் என்ற கேள்வியும் கூடவே வரும்.

இந்த வகையில் ஆகச் சிறந்த இடத்தையே எடுத்துக்கொள்வோம். சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டில் இருக்கிறது தட்சிணசித்ரா. அதை நடத்துவது குடும்பம் அல்ல, மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் என்ற அறக்கட்டளை. 1996 டிசம்பரில் திறந்தார்கள். சுமார் 10 ஏக்கர். இடிபட இருந்த பழைய வீடுகளை விலைக்கு வாங்கி, கல் கல்லாக, மரம் மரமாகப் பிரித்துக் கொண்டுவந்து திரும்பக் கட்டினார்கள். செட்டிநாட்டு வணிகர் வீடு, அக்ரஹாரத்து வீடு, நெசவாளர் வீடு, குயவர் வீடு, விவசாயி வீடு எல்லாம் அங்கே உண்டு. இந்த உழைப்பு சாதாரணமானதில்லை. அவர்கள் மட்டும் முந்திக்கொள்ளாமல் இருந்திருந்தால் அந்தக் கதவும் தூணும் பழம்பொருள் கடைக்குப் போயிருக்கும்.

ஆனால் அங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். குயவர் வீட்டிலிருந்து அக்ரஹாரத்து வீட்டுக்குச் சில நிமிடங்களில் நடந்து போய்விடலாம். டிக்கெட் எடுத்த யாரும் எந்த வீட்டுத் திண்ணையிலும் உட்காரலாம், முற்றம் வரை போகலாம். நிஜ கிராமத்தில் அந்தச் சில நிமிட நடையை ஊரில் ஒரு பகுதியினர் ஆயுளுக்கும் நடக்க முடிந்ததில்லை. ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம், கிணறு தனி, சுடுகாடு தனி. வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்துவிடலாம். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே இருந்த தூரத்தை எந்த லாரியில் ஏற்றிக் கொண்டுவருவது?

அந்தத் தூரம் செங்கல்லைவிட உறுதியானது. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் தலித் மக்களின் தெருவைப் பிரித்து 1989இல் சுவரே எழுப்பினார்கள். 2008 மே மாதம்தான் அதில் ஒரு பகுதியை அரசு இடித்து வழிவிட்டது. புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது 2022 டிசம்பரில். கிராமத்து வாழ்க்கையில் இன்றைக்கும் அழியாமல் நிற்பது எது என்று கேட்டால், பல்லாங்குழி என்று பதில் சொல்ல முடியுமா?

குடும்பங்கள் நடத்தும் 'கிராமங்களில்' இந்தச் சிக்கல் இன்னும் பெரிது. அங்கே சொல்லப்படும் நினைவு ஒரு வீட்டின் நினைவு. அதுவும் பெரும்பாலும் நிலம் வைத்திருந்த வீட்டின் நினைவு. இடித்துக் கட்டாமல் மூன்று தலைமுறை நிற்கும் வீடு யாருக்கு இருந்திருக்கும்? மண்சுவரும் பனையோலையும் ஒவ்வொரு மழைக்கும் கரைந்துபோனவை. தேக்குத் தூணை மட்டும் காட்டி 'கிராமம் இதுதான்' என்றால், கரைந்துபோனவர்கள் கிராமத்திலேயே இல்லை என்றாகிவிடுகிறது.

திண்ணையைக் காட்டி, "வழிப்போக்கர்கள் இளைப்பாறுவதற்காகக் கட்டியது, அதுதான் தமிழர் விருந்தோம்பல்" என்கிறார்கள். எல்லா வழிப்போக்கரும் அதில் உட்கார்ந்தார்களா? பத்தாயத்தைக் காட்டி இத்தனை மூட்டை நெல் பிடிக்கும் என்கிறார்கள். அதை அறுத்து, அடித்து, சுமந்து வந்து கொட்டியவர்களுக்குக் கூலி எத்தனை மரக்கால்? பின்வாசலில் நின்று சிரட்டையில் கூழ் வாங்கிக் குடித்தவர்கள் யார்? விடியுமுன் எழுந்து அந்த ஆட்டுக்கல்லோடு மல்லுக்கட்டிய பெண்களுக்கு அது விளையாட்டுச் சாமானா?

கூலி என்றதும் கீழ்வெண்மணி நினைவுக்கு வராமல் இருக்காது. 1968 டிசம்பர் 25 இரவு, ஒரு குடிசைக்குள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கூலியாகக் கொஞ்சம் நெல் கூட்டிக் கேட்ட போராட்டத்துக்குக் கிடைத்த பதில் அது. தஞ்சையில் பண்ணையாள்களைப் பாதுகாக்க 1952இல் சட்டம் தேவைப்பட்டது. நாடு முழுக்கக் கொத்தடிமை முறையை ஒழிக்க 1976இல் சட்டம் தேவைப்பட்டது. டிக்கெட் போட்டுக் காட்டுகிற 'தாத்தா காலம்' இந்த வருடங்களும் சேர்ந்ததுதான்.

"ஜாலியாகப் பார்க்க வந்த இடத்தில் எதற்கு அரசியல்?" என்று சிலர் கிளம்புவார்கள். பத்தாயத்தை வைப்பது அரசியல் இல்லை, பக்கத்தில் கூலியைச் சொன்னால் மட்டும் அரசியலா? "குழந்தைகள் வருகிற இடம்" என்பது அடுத்த வாதம். குழந்தைகள் வருவதால்தான் சொல்லவேண்டும். இரட்டைக் குவளையைப் பார்க்காமல் செம்பை மட்டும் பார்த்து வளர்கிற பிள்ளை, நாளை இடஒதுக்கீடு எதற்கு என்று கேட்கத்தான் செய்யும்.

சொல்ல முடியும் என்பதற்கு உதாரணமும் உண்டு. அமெரிக்காவின் லூசியானாவில் விட்னி என்று ஒரு பழைய கரும்புத் தோட்டம். ஜான் கம்மிங்ஸ் என்ற வழக்கறிஞர் அதை விலைக்கு வாங்கி, சொந்தப் பணத்தைக் கொட்டி, 2014 டிசம்பரில் அருங்காட்சியகமாகத் திறந்தார். முதலாளியின் மாளிகை அங்கே இருக்கிறது. ஆனால் அங்கே சொல்லப்படும் கதை அடிமைகளுடையது. அவர்களின் பெயர்களைக் கல்லில் வரிசையாகப் பொறித்து வைத்திருக்கிறார்கள். அதற்காகப் பார்வையாளர்கள் வராமல் போய்விடவில்லை.

நம் ஊர்க் குடும்பங்களுக்கு இது இன்னும் சுலபம். அரசு அருங்காட்சியகத்துக்குக் கிடைக்காத ஒன்று அவர்கள் பரணில் கிடக்கலாம்: பண்ணைக் கணக்கு நோட்டு, கடன் சீட்டு. எந்தக் குடும்பம் எத்தனை தலைமுறை தங்கள் வயலில் வேலை செய்தது என்பது வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் பக்கத்துத் தெருவில்தான் இருப்பார்கள். அவர்களைக் கூப்பிட்டு, சம்பளம் கொடுத்து, கதையை அவர்கள் வாயால் சொல்ல வைக்கலாம். நோட்டைப் பத்தாயத்துக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம். பின்வாசலுக்கும் ஒரு போர்டு எழுதலாம். செலவு ஒரு மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பெயின்ட் அடிக்கும் அளவுகூட வராது.

அதுவரை டிக்கெட் எடுக்கிறவர்கள் ஒரு வேலை செய்யலாம். வீட்டைச் சுற்றிக் காட்டுகிறவரிடம், "இந்த வயலில் வேலை செய்தவர்கள் எங்கே குடியிருந்தார்கள்? அந்தத் தெரு எந்தப் பக்கம்?" என்று மரியாதையாகக் கேட்கலாம். நாலு பேர் கேட்டால் சிரித்து மழுப்புவார்கள். நானூறு பேர் கேட்டால் போர்டு வைத்துத்தானே ஆகவேண்டும்?