நாணயத்தில் யார் முகம்?

உயிரற்ற சின்னங்கள் போதும், மாத்தளைக் கிளர்ச்சியின் வீர புரன் அப்புவை இலங்கை நாணயத்தில் பொறியுங்கள் என்கிறது ஒரு வாதம். 1848இல் ஆங்கிலேயரை எதிர்த்த அந்த வீரத்தை நானும் போற்றுகிறேன். ஆனால் முகத்தைத் தேர்வது யார்? ஜே.ஆர். ஜெயவர்தன 1978இலும் பிரேமதாச 1992இலும், ஜனாதிபதிப் பதவியில் இருந்தபோதே ஒரு ரூபாய் நாணயத்தில் ஏறினார்கள். 2009இல் ஆயிரம் ரூபாய்த் தாளில் மகிந்த ராஜபக்ச வந்தார். கதவைத் திறந்துவிட்டால் முதலில் நுழைபவர் புரன் அப்பு அல்லர், ஆட்சியில் இருப்பவர்.

அதே கிளர்ச்சியில் தம்புள்ளையில் முடிசூடிய கொங்காலேகொட பண்டாவை எங்கே வைப்பது? மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்து மாத்தளை வந்து, கோப்பித் தோட்டங்களை எழுப்பிய, மலையகத் தமிழராகிய எம் முன்னோருக்கு எந்தத் தலைவரின் முகம்? வழியிலேயே மாண்டவர்களில் பெரும்பாலோரின் பெயரைக்கூட எவரும் எழுதிவைக்கவில்லை. அவர்களை ஒரு தலைவரின் படத்தால் காட்ட முடியாது. கொழுந்துக் கூடை சுமக்கும் பெண்ணுருவால் முடியும்.

நாணயத்தில் இன்றுள்ள சிங்க இலச்சினை எல்லோரையும் தழுவுகிறது என்று சொல்லமாட்டேன். அந்தக் குறை உண்மையானது. ஆனால் அதே இலச்சினையில் நெற்கதிர் நிறைந்த குடமும் இருக்கிறது. நிறைகுடம் நம் வாசலிலும் உண்டு. அதை முன்னே கொண்டுவரச் சொல்லிக் கேட்போம்.