நார்மல் என்றால் யார் கணக்கில்?

ஆங்கிலம் படிக்காதவர்களும் தயங்காமல் பேசும் ஆங்கிலச் சொற்களில் ஒன்று 'நார்மல்'. "ரிப்போர்ட் எல்லாம் நார்மல்" என்று டாக்டர் சொன்னால் வீட்டுக்கே நிம்மதி. "நார்மல் டெலிவரிதான்" என்று பாட்டி போனில் சொன்னால் சொந்தக்காரர்களுக்கெல்லாம் சந்தோஷம். "இந்த சத்தம் நார்மல்தான் சார்" என்று மெக்கானிக் சொன்னால் மட்டும் லேசாக ஒரு சந்தேகம் வரும்.

அந்தச் சந்தேகம் நல்லது. மெக்கானிக்கிடம் மட்டுமல்ல, இந்தச் சொல்லை யார் சொன்னாலும் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும். ஏன் என்று பார்ப்போம்.

நார்மல் என்ற சொல்லின் வேர் லத்தீன் மொழியில் உள்ள 'நார்மா'. அதற்குத் தச்சர் வைத்திருக்கும் மூலைமட்டம் என்று பொருள். மரச்சட்டம் சரியாகச் செங்கோணத்தில் நிற்கிறதா என்று பார்க்கும் கருவி. அதனால்தான் கணிதத்தில் இன்றும் தொடுகோட்டுக்குச் செங்குத்தாக நிற்கும் கோட்டை நார்மல் என்கிறார்கள். தமிழ்ப் பாடப்புத்தகத்தில் அது செங்கோடு. 'வழக்கமான' என்ற பொருள் ஆங்கிலத்தில் பரவியது 19ஆம் நூற்றாண்டில்தான்.

இந்தச் சொல் போகாத துறை இல்லை. பிரான்சில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர 1794இல் உருவாக்கிய நிறுவனத்தின் பெயரிலேயே நார்மல் இருந்தது. அங்கே அதற்கு 'முன்மாதிரி' என்று பொருள். புள்ளியியலில் மணி வடிவ வளைகோட்டுக்கு இந்தப் பெயர். பொருளாதாரத்தில் வருமானம் கூடும்போது அதிகமாக வாங்கப்படும் பொருள் நார்மல் பொருள். ஒரு வியாபாரி கடையை மூடாமல் தொழிலில் நீடிக்கப் போதுமான லாபம் நார்மல் லாபம். வேதியியலில் அது கரைசலின் செறிவைச் சொல்லும் அளவு.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஆஸ்பத்திரியில் ஏற்றும் நார்மல் சலைனில் ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருக்கும். வேதியியல் கணக்குப்படி அதே உப்பில் ஒரு நார்மல் கரைசல் செய்ய லிட்டருக்குச் சுமார் 58.5 கிராம் வேண்டும். ஆக, நார்மல் சலைன் வேதியியல் கூடத்தில் நார்மல் இல்லை!

இதெல்லாம் சொல் விளையாட்டு, இதனால் யாருக்கும் நஷ்டமில்லை. நஷ்டம் எங்கே வருகிறது என்று தெரிய வேண்டுமானால் வணிகவியல் மாணவர்களின் புத்தகத்தைத் திறக்க வேண்டும். அடக்கவிலைக் கணக்கியலில் நார்மல் நட்டம், அப்நார்மல் நட்டம் என்று இரண்டு உண்டு. பரீட்சைக்குக் கட்டாயம் ஒரு கணக்கு வரும்.

ஒரு மிளகாய்த்தூள் மில் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிலோ 180 ரூபாய்க்கு 100 கிலோ மிளகாய் வாங்குகிறார்கள். மொத்தம் 18,000 ரூபாய். கூலி, கரண்ட் செலவை இப்போதைக்கு விட்டுவிடலாம். அரைக்கும்போது தூசியாகவும் ஈரமாகவும் 10 கிலோ போவது வழக்கம் என்றால் அது நார்மல் நட்டம். மீதி 90 கிலோவின் தலையில் 18,000 ரூபாயும் ஏறும். தூளின் அடக்கம் கிலோ 200 ரூபாய்.

இந்த மாதம் 10 கிலோவுக்குப் பதில் 20 கிலோ போய்விட்டது. கூடுதலாகப் போன 10 கிலோ அப்நார்மல் நட்டம். அதன் 2,000 ரூபாயைத் தனிக் கணக்கில் எழுதி முதலாளியின் லாபத்திலிருந்து கழிப்பார்கள். தூளின் அடக்கம் அதே 200 ரூபாய்தான். மிஷினில் என்ன கோளாறு, மூட்டையை யார் நனையவிட்டது என்ற கேள்வியும் வரும்.

இப்போது யாரோ ஒருவர் "20 கிலோ போவதெல்லாம் நார்மல்தான்" என்று முடிவு செய்துவிட்டால்? அதே 18,000 ரூபாய் 80 கிலோவின் மேல் ஏறும். அடக்கம் 225 ரூபாய். தனிக் கணக்கு கிடையாது, கேள்வியும் கிடையாது. கூடுதல் 25 ரூபாயைக் கடையில் தூள் வாங்குகிறவர் கொடுத்துவிட்டுப் போவார். எதற்காகக் கொடுத்தோம் என்பதே அவருக்குத் தெரியாது.

மிளகாய் மாறவில்லை, மில் மாறவில்லை. ஒரு பெயரடை மாறியது, அவ்வளவுதான். நட்டத்துக்குப் பணம் கொடுப்பவர் மாறிவிட்டார்.

ஒன்றை நார்மல் என்று சொல்வது அதை வர்ணிப்பதோடு நிற்பதில்லை. அதன் செலவை யார் கணக்கில் எழுதுவது என்பதையும் அது முடிவு செய்துவிடுகிறது. கணக்கியல் இதை வெளிப்படையாக லெட்ஜரில் எழுதுகிறது. மற்ற துறைகள் சொல்லாமல் செய்கின்றன.

அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் 1986 ஜனவரி 28 அன்று கிளம்பி 73 விநாடிகளில் சிதறியது. உள்ளே இருந்த 7 பேரும் இறந்தார்கள். பக்கத்து ராக்கெட்டின் இணைப்பில் இருந்த ரப்பர் வளையம் சூடான வாயுவைத் தடுக்கத் தவறியதே காரணம். அந்த வளையம் அரிக்கப்படவே கூடாது என்பதுதான் வடிவமைப்பு. ஆனால் 1981இல் இரண்டாவது பயணத்திலேயே அரிப்பு தெரிந்தது. கலம் பத்திரமாகத் திரும்பியதால் பறப்பதை நிறுத்தவில்லை. பிறகும் சில பயணங்களில் அரிப்பு, பிறகும் பத்திரம். கடைசியில் 'ஏற்கத்தக்க ஆபத்து' என்ற பட்டியலில் அது சேர்ந்துவிட்டது. முந்தைய இரவு குளிரைக் காரணம் காட்டி, ராக்கெட் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்கள் எச்சரித்தும் பலனில்லை.

சமூகவியலாளர் டயான் வான் 1996இல் வெளியிட்ட நூலில் இதற்கு ஒரு பெயர் வைத்தார். பிறழ்வு நார்மலாகிப் போவது. விதியை மீறுகிறோம் என்ற எண்ணமே அங்கே யாருக்கும் இருக்கவில்லை என்பதுதான் அவர் காட்டிய பயங்கரம். 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்கலம் உடைந்து இன்னும் 7 பேர் இறந்தார்கள். இந்தமுறை வெளித் தொட்டியிலிருந்து பெயர்ந்து விழும் நுரைத்துண்டு. அதுவும் அடிக்கடி நடப்பதுதானே என்று பழகிப்போன விஷயம்தான். நார்மல் என்று எழுதியவர்கள் தரையில் இருந்தார்கள். விலை கொடுத்தவர்கள் கலத்துக்குள் இருந்தார்கள்.

பங்குச்சந்தைக்கு வருவோம். விலை ஏற்ற இறக்கம் நார்மல் வளைகோட்டைப் பின்பற்றும் என்பது பல பழைய கணக்குமுறைகளின் அடிப்படை. 1987 அக்டோபர் 19 அன்று அமெரிக்காவின் டவ் ஜோன்ஸ் குறியீடு ஒரே நாளில் 22.6 சதவீதம் விழுந்தது. வளைகோட்டின்படி பிரபஞ்சத்தின் வயது முழுவதும் காத்திருந்தாலும் அப்படி ஒரு நாள் வரக்கூடாது. வந்தது. வளைகோட்டின் பெயரில் இருந்த நார்மலை வாழ்க்கையின் நார்மல் என்று எடுத்துக்கொண்டதன் விலை அது. அந்தப் பெயர் கணிதக்காரர்கள் வைத்த ஒரு அடையாளம், உத்தரவாதம் கிடையாது.

வானிலையும் அப்படியே. ஜூன் முதல் செப்டம்பர் வரை நாடு முழுவதும் பெய்யும் மழை நீண்டகாலச் சராசரியில் 96 முதல் 104 சதவீதத்துக்குள் இருந்தால் இந்திய வானிலைத் துறை அதை நார்மல் பருவமழை என்கிறது. நாட்டின் மொத்தக் கணக்குக்கு அது சரியான சொல். ஆனால் ஒரு மாநிலத்தில் வெள்ளமும் இன்னொன்றில் வறட்சியும் வந்தால்கூடச் சராசரி நார்மலாக நிற்க முடியும். தமிழ்நாட்டுக்கு ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் வருகிறது. அந்த நான்கு மாதக் கணக்கில் அது சேராது. செப்டம்பர் முடிவில் "நார்மல் மழை" என்று டிவியில் கேட்கும் ராமநாதபுரத்து விவசாயி வானத்தைப் பார்க்காமல் என்ன செய்வார்?

மனிதர்கள் விஷயத்தில் கணக்கு தலைகீழாகிறது. நட்டத்தை நார்மல் என்றால் பொறுப்பு மறைகிறது. மனிதரை அப்நார்மல் என்றால் மொத்தப் பாரமும் அவர் தலையில் விழுகிறது. ஒருபாலீர்ப்பை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973 வரை நோய்ப் பட்டியலில் வைத்திருந்தது. இந்தியாவில் 2018 செப்டம்பர் 6 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பு சொல்லும்வரை சட்டமும் ஒருபாலுறவைக் குற்றம் என்றது. அந்த மனிதர்கள் தீர்ப்புக்கு முன்பும் பின்பும் ஒரேமாதிரிதான் இருந்தார்கள். கோடு போட்டவர்கள்தான் கோட்டை நகர்த்தினார்கள். இடையில் போன வாழ்க்கைகளை எந்தக் கணக்கில் எழுதுவது?

அப்படியானால் கோடே வேண்டாமா? வேண்டும். டாக்டருக்கு ஒரு அளவு இல்லாவிட்டால் நோயைக் கண்டுபிடிக்க முடியாது. எந்த மில்லிலும் கொஞ்சம் தூசி பறக்கத்தான் செய்யும், அதற்கெல்லாம் விசாரணை வைத்தால் தொழில் நடக்காது. நல்ல காரணத்துக்காகக் கோட்டை நகர்த்துவதும் உண்டு. 2017இல் அமெரிக்க இதய மருத்துவ அமைப்புகள் உயர் ரத்த அழுத்தம் தொடங்கும் அளவை 140/90இலிருந்து 130/80 ஆகக் குறைத்தன. அங்கே பெரியவர்களில் 32 சதவீதமாக இருந்த எண்ணிக்கை 46 சதவீதம் ஆனது. ஒரே இரவில் யாருக்கும் நோய் வந்துவிடவில்லை. ஆனால் ஏன் நகர்த்தினோம் என்று ஆதாரத்தோடு அச்சில் சொன்னார்கள். ஒப்புக்கொள்ளாதவர்கள் எதிர்த்து வாதாட முடிந்தது. அதுதான் முறை.

ஆபத்து, யார் போட்டது என்று தெரியாத கோட்டில்தான் இருக்கிறது. 'தினமும் பஸ் படிக்கட்டில் தொங்குவது நார்மல்', 'ஆபீசில் ராத்திரி ஒன்பது மணிவரை இருப்பது நார்மல்', 'வேலை கிடைக்க மூன்று வருஷம் ஆவது நார்மல்' என்று சொல்லப்படும்போதெல்லாம் ஒரு நட்டம் கேள்வியில்லாமல் யாரோ ஒருவர் கணக்கில் ஏறுகிறது. அப்போது கேட்க வேண்டியவை மூன்றே கேள்விகள். இந்தக் கோட்டைப் போட்டது யார்? கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள்? கோட்டுக்கு உள்ளே போகும் நட்டத்துக்கு யார் பணம் கொடுக்கிறார்கள்?

மூன்றுக்கும் பதில் இருந்தால் அது நார்மல்தான். பதில் இல்லாவிட்டால், லெட்ஜரில் தனிக் கணக்கு ஒன்றைத் திறக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.