எந்த ரூபாய்?

கிரவீனில் ஒரு வீட்டார் யாழ்ப்பாணத்திற்கும் அயல்வீட்டார் சென்னைக்கும் பணம் அனுப்புகின்றனர். இருவரும் கூறுவது ‘ரூபாய்’ என்றே. ஆயின் இலங்கை ரூபாயும் இந்திய ரூபாயும் ஒரே மதிப்புடையன அல்ல. மனிதரெனில் எந்த ரூபாய் எனக் கேட்டறிவார். நாணயமாற்றுக் கருவியை இயக்கும் செயற்கை நுண்ணறிவு முகவரோ, அக்கருவிக்கு நாம் எழுதும் விளக்கக் குறிப்பை நம்பியே செயற்படுகின்றது.

ஆகவே எல்கேஆர், ஐஎன்ஆர் என்னும் பன்னாட்டுக் குறியீடுகளை அக்குறிப்பு கட்டாயமாக்க வேண்டும். காட்டப்படுவது சந்தை விகிதமா, அனுப்புபவருக்குரிய விகிதமா, கட்டணம் எவ்வளவு என்பனவும் தெளிவாதல் வேண்டும். இது சிறு விடயமன்று. 2017இல் நான்கு பெரும் வங்கிகள் வழியே அமெரிக்க டொலரும் பிரித்தானியப் பவுணும் அனுப்பியோர், மலிவான சேவையை நாடியிருப்பின் சுமார் 15 கோடி அவுஸ்திரேலிய டொலர் மீதமாகியிருக்கும் என அவுஸ்திரேலியப் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம் 2019இல் கண்டறிந்தது.

விகிதம் கேட்பது வேறு. பணத்தை மாற்றுவது வேறு. இரண்டையும் தனித்தனிக் கட்டளைகளாக்கி, மாற்றுமுன் உரியவரின் ஒப்புதல் பெறுமாறு எழுதுவது தொழில்நுட்பமறிந்த எம்மவரின் கடமையாகும்.