ஊருக்குள் வரும் பழுப்புக் கரடிகள்: சுட்டுவிட்டால் பிரச்சினை தீருமா?

2025 ஜூலையில் ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவில், அதிகாலையில் பேப்பர் போடச் சென்ற ஒருவரைப் பழுப்புக் கரடி கொன்றது. அடுத்த மாதமே ராவுசு மலையில் 26 வயது இளைஞர் ஒருவர் பலியானார். செப்டம்பர் 1 முதல், குடியிருப்புக்குள் நுழையும் கரடியை அவசரமாகச் சுட உள்ளாட்சி அமைப்புகளே அனுமதிக்கலாம் என்ற சட்டத் திருத்தம் அமலுக்கு வந்தது.

சரி, கரடி ஏன் ஊருக்குள் வருகிறது?

எல்லாம் குளிர்காலக் கணக்கு

பழுப்புக் கரடி முழுநேர வேட்டை மிருகம் இல்லை. புல், பழம், எறும்பு, மீன் என்று கிடைத்ததைச் சாப்பிடும். குளிர்காலத்தில் மாதக்கணக்கில் சாப்பாடும் தண்ணீரும் இல்லாமல் குகையிலேயே உறங்கும். அதற்கான கொழுப்பை இலையுதிர் காலத்திலேயே சேர்த்தாக வேண்டும்.

பெண் கரடிக்கு இது இன்னும் முக்கியம். கோடையில் இணை சேர்ந்தாலும், கரு உடனே வளராது. உடம்பில் போதிய கொழுப்பு சேர்ந்தால்தான் குட்டி. அதனால் ஓக் மரக் கொட்டைகள் காய்க்காத வருஷத்தில், மக்காச்சோள வயலும் குப்பைத் தொட்டியும் கரடியை இழுக்கின்றன.

பசி மட்டும்தான் காரணமா?

இல்லை. வசந்தகாலக் கரடி வேட்டையை 1990-ல் ஹொக்கைடோ கைவிட்டது. அதன்பிறகு எண்ணிக்கை இரண்டு மடங்குக்கும் மேல் பெருகி, இப்போது சுமார் 12,000. அதே காலத்தில் கிராமங்கள் காலியாகின. வேட்டைக்காரர்களுக்கும் வயதாகிவிட்டது. ஆள் நடமாட்டம் இருந்த வயலில் இப்போது புதர் மண்டிக் கிடக்கிறது. காடு எங்கே முடிகிறது, ஊர் எங்கே ஆரம்பிக்கிறது என்பதே தெரிவதில்லை. 2021 ஜூனில், சுமார் 20 லட்சம் பேர் வாழும் சப்போரோ நகருக்குள்ளேயே புகுந்த கரடி 4 பேரைக் காயப்படுத்தியது.

கற்றுக்கொள்ளும் மிருகம்

எங்கே சாப்பாடு சுலபமாகக் கிடைக்கும் என்பதைக் கரடி மறக்காது; தாயோடு திரியும் குட்டியும் அதைக் கற்றுக்கொள்ளும். 'ஓசோ 18' என்று பெயரிடப்பட்ட ஒரே கரடி, 2019 முதல் 2023 வரை பொறிகளுக்குச் சிக்காமல் 66 மாடுகளைத் தாக்கியது.

அப்படியானால் தீர்வு?

ஊருக்குள் வந்துவிட்ட கரடி முன்னால் துப்பாக்கி தேவைப்படலாம். ஆனால் குப்பையும் உதிர்ந்த பழமும் அப்படியே கிடந்தால், அடுத்த கரடி வரும். மின்வேலி போடுவது, புதர் வெட்டுவது, குப்பையைப் பூட்டி வைப்பது எல்லாம் வருஷா வருஷம் செய்ய வேண்டிய வேலை. முதியவர்கள் மட்டும் மிஞ்சிய கிராமத்தில் அதை யார் செய்வது? புதிய சட்டம் பதில் சொல்லாத கேள்வி இதுதான்.