மக்கள் தேர்ந்தெடுக்காத மூவர்

முதலியார்பேட்டை வாக்காளர் இரண்டு அவைகளுக்குத் தம் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கிறார். ஒன்று புதுவைச் சட்டப் பேரவை. மற்றொன்று 543 பேர் அமரும் மக்களவை. அவருடைய மக்களவைத் தொகுதி, மலையாளக் கரையிலுள்ள மாகியையும் கோதாவரிக் கரையிலுள்ள ஏனாமையும் சேர்த்தே ஒரே உறுப்பினரைப் பெறுகிறது. மாநிலங்களவையிலும் நமக்கு ஓரிடமே உண்டு. அதனைப் பேரவையின் 30 உறுப்பினர்கள் நிரப்புகின்றனர். ஆக, டெல்லியில் நம் குரல் இரண்டே.

மாநிலங்களின் சட்டமன்றங்கள் அரசியல் சட்டத்திலேயே வேர்கொண்டவை. நம் பேரவைக்கு அந்தக் காப்பு இல்லை. நாடாளுமன்றம் 1963இல் இயற்றிய யூனியன் பிரதேச அரசுகள் சட்டத்தால் பிறந்தது அது. அதன் அமைப்பை மாற்றும் உரிமையும் நாடாளுமன்றத்திற்கே உரியது. நாட்டின் எந்த மாநிலத்து மக்களையும் விட, டெல்லியின் இரு அவைகள் எவ்வாறு இயங்குகின்றன என்பதில் புதுவை மக்கள் அக்கறை கொள்ள வேண்டியதன் காரணம் இதுவே.

அச்சட்டத்தின் மூன்றாம் பிரிவு, தேர்ந்தெடுக்கப்பட்ட 30 பேருடன் மூவர் வரை நியமிக்கும் அதிகாரத்தை நடுவண் அரசுக்கு வழங்குகிறது. அரசுப் பணியில் இருத்தலாகாது என்பதொன்றே அப்பிரிவு அவர்களுக்கு விதிக்கும் வரையறை. மாநிலங்களவையிலும் 12 நியமன உறுப்பினர்கள் உளர். ஆனால் இலக்கியம், அறிவியல், கலை, சமூகத் தொண்டு ஆகியவற்றில் தேர்ச்சியோ பட்டறிவோ உடையோரே அவ்விடங்களுக்கு உரியர். அந்த அவையின் வாக்கால் ஆட்சி கவிழ்வதும் இல்லை. மக்களவையில் ஆங்கிலோ இந்தியருக்கென இருந்த இரண்டு நியமன இடங்களும் 2020இல் முடிவுக்கு வந்துவிட்டன. நாட்டின் அரசைத் தாங்கும் அவையில் நியமன உறுப்பினர் ஒருவருமில்லை; சின்னஞ்சிறு புதுவையின் அரசைத் தாங்கும் அவையில் பதினொருவருக்கு ஒருவர் நியமனத்தால் வரலாம். இந்த முரண் நம் நெஞ்சை உறுத்துகிறது.

நடுவண் அரசு புதுவை அரசைக் கலந்து பேசாமலே நியமிக்கலாம், அவ்வாறு வருவோர் வரவுசெலவுத் திட்டத்திலும் நம்பிக்கைத் தீர்மானத்திலும் வாக்களிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் தீர்ப்பளித்தது. எழுதப்பட்ட சட்டத்திற்கு நீதிமன்றம் கண்ட பொருள் அது. அதனை நாம் மதிக்கிறோம். அதன் விளைவு, புதுவை அரசு பேரவையில் கவிழ்ந்த 2021 பிப்ரவரி 22 அன்று வெளிப்பட்டது. வரிசையாக நேர்ந்த பதவி விலகல்களால் அன்றைய அரசு ஏற்கெனவே தளர்ந்திருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் எதிர்வரிசையில் இருந்த 14 பேரில் மூவர் நியமன உறுப்பினர்கள். அவர்களை நீக்கிக் கணக்கிட்டால் எதிர்த்தரப்பில் பெரும்பான்மையே இல்லை. எந்தக் கட்சி ஆண்டது, எந்தக் கட்சி வீழ்ந்தது என்பது நமக்குப் பொருட்டன்று. நாளை இடங்கள் மாறினாலும் நம் கருத்து இதுவே.

இம்மண்ணின் வரலாற்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பாரிஸ் நகரிலிருந்த பிரெஞ்சு நாடாளுமன்றத்திற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே உறுப்பினரை அனுப்பிய மண் இது. அவர்களுட் பெரும்பாலோர் பிரெஞ்சுக்காரர்களே என்பது அக்காலத்தின் குறை. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்களின் பேராளர்கள் 178 பேர் கூடி வாக்களித்தனர். 170 பேர் இந்தியாவுடன் இணைய இசைந்தனர். மக்கள் தேர்ந்தெடுத்தோரின் வாக்கால் இந்தியக் குடியரசோடு இணைந்த நிலத்தில், மக்கள் தேர்ந்தெடுக்காதோரின் வாக்கு ஓர் அரசின் ஆயுளை முடிவு செய்வது முறையாகாது.

மாநிலத் தகுதி கோரிப் பேரவை பன்முறை தீர்மானம் நிறைவேற்றியுள்ளது. அக்கோரிக்கை நிறைவேறும் வரை இந்த நியமன முறையையும் பொறுத்திருக்கத் தேவையில்லை. முற்றிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட பேரவையை அமைக்க அரசியல் சட்டத்தின் 239ஏ பிரிவு இன்றும் இடந்தருகிறது. 2023 டிசம்பரில் மகளிர் இட ஒதுக்கீட்டிற்காக இதே 1963ஆம் ஆண்டுச் சட்டத்தை நாடாளுமன்றம் திருத்தியது. இரு அவைகளிலும் எளிய பெரும்பான்மை போதுமானதாயிற்று. நம் இரு உறுப்பினர்களும் கட்சி வேறுபாட்டை ஒதுக்கிவைத்து, நியமன உறுப்பினரின் வாக்குரிமையை நீக்கும் தனிநபர் மசோதாவைத் தத்தம் அவையில் கொணர வேண்டும். புதுவைப் பேரவை அதற்கு முன்னரே ஒருமித்த தீர்மானத்தை டெல்லிக்கு அனுப்ப வேண்டும்.